பூட்டாத திண்ணை

அரையாண்டுத் தேர்வு நடக்கிற நாட்களில் எங்கள் பள்ளியில் இரண்டு வேலைகள் சேர்ந்தே நடக்கும். ஒரு பக்கம் தேர்வு, இன்னொரு பக்கம் கிறிஸ்துமஸ் குடில். பிள்ளைகளைக் கேட்டால் குடில்தான் பெரிது என்பார்கள். எனக்கும் அப்படித்தான்.

காரைக்குடிப் பக்கம் கன்னியர்கள் நடத்தும் பள்ளி எங்களுடையது. நான் அங்கே தமிழாசிரியை. போன வருடம் ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் நான்தான். நான் கிறிஸ்தவள் இல்லை. என் வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளைகள் எட்டுப் பேர், மற்றவர்கள் எல்லாம் கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், ஆத்தங்குடி என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். ஆனால் டிசம்பர் பிறந்துவிட்டால் யார் எந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் என்பதே தெரியாது. "டீச்சர், குடில் எப்ப ஆரம்பிக்கிறோம்?" என்று காலையில் வருகைப்பதிவு எடுக்கும்போதே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

தேர்வு முடிந்து வரும் விடுமுறையை வெளியூர்க்காரர்கள் குளிர்கால விடுமுறை என்கிறார்கள். எங்கள் ஊரில் குளிர் என்றால் மார்கழிப் பனிதான். அடைமழை விட்டும் விடாமலும் இருக்கும். மைதானத்தில் தண்ணீர் நிற்கும். விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே கோலம் போட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தால், காலைக் கூட்டத்தில் திருவருகைக் கால மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகள், மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். வாரத்துக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே வரும்.

அதைப் பார்த்துவிட்டு இரண்டாவது பெஞ்சில் இருக்கும் ஒரு நகரத்தார் வீட்டுப் பிள்ளை சொன்னாள்: "அவுங்க வாரத்துக்கு ஒரு மெழுகுவத்தி டீச்சர். நாங்க நாளைக்கு ஒரு இழை."

பிள்ளையார் நோன்பைத்தான் சொல்கிறாள். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள். ஒவ்வொரு நாளும் புதுத்துணியிலிருந்து ஓர் இழை எடுத்து வைத்து, கடைசியில், சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடுகிற நாளில், 21 இழைகளையும் சேர்த்துத் திரியாக்குவார்கள். வெல்லம் சேர்த்துப் பிசைந்த மாவில் பிள்ளையார் பிடித்து, நெய்யில் தோய்த்த அந்தத் திரியை அதில் வைத்து ஏற்றி, எரியும்போதே சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். சில வருடங்களில் நோன்பு கிறிஸ்துமஸை ஒட்டியே வந்துவிடும்.

"சுடாதா?" என்று வகுப்பே கேட்டது.

அவள் எழுந்து வந்தாள். மேசையிலிருந்த சாக்பீஸ் துண்டு ஒன்றை எடுத்து இரண்டு விரலால் நுனியைப் பிடித்தாள். கண்ணை மூடி, வாயைத் திறந்து, உள்ளே கொண்டுபோவதுபோல் காட்டி, டக்கென்று உதட்டை மூடினாள். "வாய மூடிட்டா அணஞ்சிரும். பயந்து மெதுவா போட்டாத்தான் சுடும்." பிறகு சாக்பீஸைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டுத் தாவணி கட்டின பெரிய மனுஷி மாதிரி நடந்து போய் உட்கார்ந்தாள். முப்பத்தைந்து நிமிட வகுப்பில் நான் நடத்திய பாடம் யாருக்கும் நினைவிருக்காது. அந்தச் சாக்பீஸ் இருக்கும்.

குடிலுக்கு வருகிறேன். வகுப்புக்கு ஒரு குடில் வைக்க வேண்டும். ஆரம்பிக்கும் முன் சிஸ்டர் ஒருவர் எல்லா வகுப்புக்கும் வந்து பேசினார். குடில் வைக்கும் வழக்கத்துக்கு வித்திட்டவர் அசிசியின் புனித பிரான்சிஸ். 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்கிற மலையூரில் வைக்கோலைப் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, பெத்லகேம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குக் காட்டினாராம். நற்செய்தியில் பிறப்பைச் சொல்லும் இடத்தில் மாடும் கழுதையும் எங்கேயும் வரவில்லை என்று சிஸ்டர் சொன்னதும் பிள்ளைகளுக்கு ஒரே ஏமாற்றம். "வரலேன்னா என்ன, தீவனத் தொட்டி இருந்தா மாடு இருந்திருக்கும்ல" என்றான் ஒருவன். சரியான கேள்விதானே.

தொட்டி என்றதும் நான் விடவில்லை. பழைய மொழிபெயர்ப்பில் அது 'முன்னணை'. இப்போது கத்தோலிக்கர்கள் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் 'தீவனத் தொட்டி'. உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். காடி என்றான் ஒருவன். குளுதாடி என்றார்கள் நாலைந்து பேர். முன்னணை என்ற சொல்லை யாருமே கேட்டதில்லை. அதை எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒரு பழைய சொல் அப்படிப் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேரும்போது எனக்கு ஏற்படும் சந்தோஷம் சம்பள நாளில்கூட ஏற்படாது.

அப்புறம்தான் நான் செய்த தவறு.

கடைசி பெஞ்சில் ஒரு பையன். அதிகம் பேசமாட்டான். குடில் எப்படி இருக்க வேண்டும் என்று படம் போட்டு வரச் சொல்லியிருந்தேன். மற்ற எல்லோரும் ஓலைக் கொட்டகை போட்டு வந்திருந்தார்கள். அவன் மட்டும் செட்டிநாட்டு வீடு போட்டிருந்தான். முகப்பு, தூண்கள், திண்ணை, உள்ளே வளவு என்கிற முற்றம், அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு. அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு அறைக்கதவிலும் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி வைத்திருந்தான்.

நான் இருந்த அவசரத்தில், "இயேசு பொறந்தது மாட்டுத் தொழுவத்துலப்பா, மாளிகையில இல்ல. மாத்திப் போட்டுக் கொண்டா" என்று சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மாற்றிப் போட்டும் கொண்டுவரவில்லை.

முதல் தேர்வு தமிழ். விடைத்தாள் திருத்த இரவில் உட்கார்ந்தேன். உன் ஊரின் சிறப்பைப் பற்றி வெளியூர் நண்பனுக்குக் கடிதம் எழுதுக என்று ஒரு கேள்வி. பாதிப் பேர் நான் வகுப்பில் சொன்னதையே, ஆத்தங்குடிக் கல், கண்டாங்கிச் சேலை, சீடை, மணகோலம் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பையனின் கடிதம் மட்டும் வேறாக இருந்தது. அவன் அப்பா ஒரு பெரிய வீட்டுக்குக் காவல். குடும்பமே பின்கட்டில்தான் இருக்கிறது. அவன் எழுதியிருந்ததை என் சொல்லில் சொல்கிறேன். அந்த வீட்டில் பதினாலு அறைகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை. ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் அமெரிக்காவில். அவரவர் அறைச் சாவி அவரவரிடம். கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்று வந்தால்தான் திறப்பார்கள். முகப்புச் சாவியும் வளவுச் சாவியும் மட்டும் அப்பாவின் இடுப்பில் இருக்கும்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நகரத்தாரிடையே கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. தாத்தா கட்டிய வீட்டில் எல்லாப் புள்ளிகளுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் ஒரே வீட்டுக்கு அத்தனை சாவிகள்.

படத்தில் இருந்த கறுப்புப் புள்ளிகள் பூட்டுகள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு அதற்கு மேல் திருத்த முடியவில்லை.

மறுநாள் அவனைக் கூப்பிட்டு, "அந்தப் படம் இருக்காப்பா?" என்றேன். நாலாக மடித்தபடி அதே பையில் இருந்தது.

"நான் பார்க்காம சொல்லிட்டேன். நீ சொல்லு, இந்த வீட்டுல குழந்தைய எங்க வைக்கிறது?"

"ரூமெல்லாம் பூட்டியிருக்கும் டீச்சர். இடம் இல்லாம இல்ல, சாவிதான் இல்ல. திண்ணையிலதான் வைக்கணும். திண்ணையப் பூட்ட முடியாதுல்ல."

கொஞ்சம் யோசித்துவிட்டு அவனே சொன்னான்: "போன மழையில ஊசி மணி விக்கிற அக்கா கைப்பிள்ளையோட எங்க திண்ணையிலதான் ரெண்டு நாள் இருந்துச்சு. அப்பா ஒண்ணும் சொல்லல."

சத்திரத்தில் இடமில்லை என்கிற வரியை எத்தனையோ டிசம்பர்களில் ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறேன். கூட்டம் நிறைந்து இடம் இல்லாமல் போனதாகத்தான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். தினமும் நான் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிற தெருக்கள் எல்லாம் பூட்டிய வீடுகள்தான். அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தோன்றவே இல்லை.

சரி, அந்த வீட்டையே கட்டுவது என்று முடிவாயிற்று. தேர்வு மதியம்தான் என்பதால் காலை நேரம் எங்களுக்குக் கிடைத்தது. டிவி வந்த அட்டைப்பெட்டியில் சுவர் எழுப்பினோம். தூணுக்கு நூல்கண்டுக் குழல். ஆத்தங்குடிப் பிள்ளை உடைந்த கல்துண்டுகள் ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். அவள் அம்மா கல் போடும் பட்டறையில் வேலை செய்கிறார். கண்ணாடி மேல் அச்சு வைத்துக் கலர் ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பார்கள், சூளையே கிடையாது என்று அவள் விளக்கிக்கொண்டே திண்ணைக்குத் தரை பாவினாள். சிவப்பும் பச்சையுமாகப் பெத்லகேமுக்கு ஆத்தங்குடிக் கல் வந்தது.

புல்வெளிதான் பாடாய்ப்படுத்திவிட்டது. தட்டில் நெல் முளைக்கவைத்துக் குடிலைச் சுற்றி வைப்பது வழக்கம். புதுவயல் அரிசி ஆலையில் அப்பா வேலை செய்யும் பையன் அங்கிருந்து இரண்டு படி நெல் கொண்டுவந்தான். ஊறவைத்துப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஐந்து நாள் காத்திருந்தோம். ஒன்றுகூட முளைக்கவில்லை. ஆறாம் நாள் வாடை வந்துவிட்டது. ஒரு பிள்ளை அதில் ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்துத் தன் அப்பத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். காரைக்குடி முத்துமாரியம்மனுக்கு மாசி பங்குனித் திருவிழாவில் வருடம் தவறாமல் முளைப்பாரி எடுக்கிற அப்பத்தா. கையில் வாங்கிப் பார்த்ததுமே, "இது அவிச்ச நெல்லுடி, எங்க மொளைக்கும்?" என்று கேட்டாராம். புழுங்கல் அரிசிக்கு அவித்துக் களத்தில் காயப்போட்டிருந்த நெல்லை அள்ளிக் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். அந்தப் பையன் முகம் தொங்கிப்போயிற்று. எங்களில் யாருக்குமே தெரியவில்லையே, அவன் மட்டும் என்ன செய்வான்?

அப்பத்தாவே கம்பும் பாசிப்பயறும் கொடுத்துவிட்டார். ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டி வைத்து, பொடித்த எருவின் மேல் தூவி, கையால் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். "அம்மனுக்கு வைக்கிற மாதிரி விரதம் இருக்கணுமான்னு கேட்டேன் டீச்சர். பிள்ளை பொறக்கிற வீட்டுக்குத்தானே, மஞ்சத் தண்ணி தெளிச்சு வையி, போதும்னாங்க." மஞ்சள் தண்ணீர் தெளித்தே வைத்தோம். மூன்றாம் நாள் வெள்ளை முனை தெரிந்தது. தேர்வு மணி அடித்த பிறகும் தட்டைச் சுற்றி நின்றவர்களை நான்தான் துரத்திவிட வேண்டியிருந்தது.

டிசம்பர் 23 கடைசித் தேர்வு. அன்றைக்கு மாலை விழா. பாட்டு, கேக், கிறிஸ்துமஸ் தாத்தா, எல்லாம் எல்லாப் பள்ளிகளிலும் நடப்பதுதான். சீட்டுக் குலுக்கி யாருக்கு யார் என்று தெரியாமல் பரிசு கொடுக்கும் கிறிஸ்மா விளையாட்டில் எனக்கு ஒரு கொட்டான் கிடைத்தது, உள்ளங்கை அளவு, பனையோலையில் பின்னியது. யார் கொடுத்தது என்று இன்றுவரை தெரியாது. குடில் போட்டியில் முதல் பரிசு எட்டாம் வகுப்புக்குப் போனது. அவர்களுடையதில் அருவி எல்லாம் இருந்தது. கொஞ்ச நேரம் வருத்தம் இருந்தது, கேக் வந்ததும் போய்விட்டது.

எங்கள் திண்ணையில் சூசையப்பரும் மாதாவும் இருந்தார்கள். நடுவில் குளுதாடி காலியாக இருந்தது. குழந்தை சொரூபத்தை 24ஆம் தேதி இரவுதான் வைக்க வேண்டும். விடுமுறையில் யார் வைப்பது, முளைப்பாரிக்கு யார் தண்ணீர் தெளிப்பது என்று பேச்சு வந்தது. அந்தப் பையன் கையைத் தூக்கினான். அவன் இருக்கும் வீடு பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளித்தான்.

சிஸ்டர் வகுப்பறைச் சாவியை அவனிடம் கொடுத்தார். அவன் சட்டையைத் தூக்கி, அரைஞாண் கயிற்றில் அதைக் கோத்து, இரண்டு முடிச்சுப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டான்.

ஜனவரி 2ஆம் தேதி காலையில் எனக்கு முன்னாலேயே வந்து கதவைத் திறந்து வைத்திருந்தான். குழந்தை குளுதாடியில் இருந்தது, மேலே ஒரு கைக்குட்டை போர்த்தியிருந்தது. பனியாக இருந்ததாம். கம்பு ஒரு சாணுக்கு மேல் வளர்ந்து சன்னல் பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஆடுகளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.