17-க்கும் 18.6-க்கும் நடுவில் பதினொரு நாள்

இரண்டு ஏக்கர் குத்தகை நிலம், பிபிடி சம்பா என்ற சன்ன ரக நெல், அறுபது கிலோ மூட்டைக் கணக்கில் எழுபது மூட்டை. 2025 தை மாதம் அறுத்த இந்த நெல்லை அரசு கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு வீடு திரும்ப எனக்குப் பதினொரு நாள் ஆனது.

முதல் இரண்டு நாள் அடங்கலிலேயே போயிற்று, அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் சான்றை வாங்குவதில். கிராம நிர்வாக அலுவலர் மழைச் சேதக் கணக்கெடுப்பில் இருந்தார். மூன்றாம் நாள் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடினால், நில உரிமையைக் காட்டும் சிட்டாவில் உட்பிரிவு 2பி, அடங்கலில் 2ஏ. கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. திரும்பவும் பன்னிரண்டு கிலோமீட்டர். குத்தகைக்காரர்கள் அறுவடைக்கு முன்பே அடங்கலை வாங்கி, உட்பிரிவு எழுத்தைச் சிட்டாவோடு ஒத்துப் பார்த்துவிடுங்கள். நிலத்துக்காரர் சென்னையில் இருந்தால் அவர் சம்மதக் கடிதத்தையும் பொங்கலுக்கு வரும்போதே வாங்கிவிடுங்கள்.

பதிவு முடிந்ததும் களத்தில் குவித்துத் தார்ப்பாய் போட்டேன். என் முறை வந்த அன்று ஈரப்பதம் 18.6 சதவீதம். பதினேழுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். மெஷினில் அறுத்த நெல், அதிலும் முந்தின இரவு மழை, வேறெப்படி இருக்கும்?

"காய வெச்சுக் கொண்டாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ஈரம் பார்த்தவர் அடுத்த குவியலுக்குப் போய்விட்டார். எங்கே காயவைப்பது? இருந்த சிமெண்ட் களம் முழுக்க ஆள்கள். தார் ரோட்டில் ஓர் ஓரம் பிடித்துப் பரப்பினோம். வெயில் வந்தால் விரிப்பு, மேகம் கறுத்தால் அள்ளல்.

அதற்குள் அறுவடை மெஷின்காரர் மூன்று முறை போன் செய்துவிட்டார். கையில் காசில்லை. வியாபாரி களத்துக்கே வந்து நின்றார்: மூட்டை 1,150, அதிலும் கழிவு என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கூடுதல். சன்ன ரகத்துக்கு அப்போது அரசு விலை குவிண்டால் 2,450, மூட்டைக்கு 1,470 வந்தது. தெரிந்தேதான் பதினைந்து மூட்டையைக் கொடுத்தேன். அவர் அங்கேயே நோட்டை எண்ணிக் கொடுத்தார், ஒரு காகிதமும் கேட்கவில்லை.

பத்தாம் நாள் 16.8. அந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தேன். தூற்றல், சாக்கு, எடை, பில் எல்லாம் மறுநாள் மதியத்துக்குள் முடிந்தன. நாற்பது கிலோ சிப்பம் எண்பது. ஒவ்வொன்றுக்கும் நிலையத்து ஆட்கள் கையில் நாற்பது ரூபாய் வைக்க வேண்டியிருந்தது. ரசீது கேட்டதற்குச் சிரித்தார்கள். தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டேன், அதில் கூச்சப்படக்கூடாது.

பில் போட்ட நாலாம் நாள் 78,400 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறியது. தார்ப்பாய்க்கு அடியில் முளைவிட்டிருந்த ஒரு மூட்டை நெல்லை வீட்டுக்காரி கோழிகளுக்கு இறைத்துக்கொண்டிருந்தாள்.