வாட்ஃபோர்ட்டின் மஞ்சள் சட்டையும் எல்டன் ஜோனும்

இலண்டன் யூஸ்டன் நிலையத்தில் விரைவுத் தொடருந்து ஏறினால் ஏறக்குறைய இருபது நிமிடத்தில் வாட்ஃபோர்ட்டுக்கு வந்துவிடலாம். தமிழ்க் கடைகளும் கோயில்களும் உள்ள வெம்பிளியையும் ஹரோவையும் கடந்து, வேலை கிடைத்தது என்ற ஒரே காரணத்துக்காக இந்த ஊருக்குக் குடிவந்த குடும்பம் எங்களுடையது. நான் பணிபுரியும் வாட்ஃபோர்ட் பொது வைத்தியசாலையும் வாட்ஃபோர்ட் கழகத்தின் விகரேஜ் றோட் உதைபந்தாட்ட மைதானமும் அடுத்தடுத்து அமைந்தவை. சனிக்கிழமைப் பிற்பகல்களில் ஆட்டம் நடக்கும்போது கார்த் தரிப்பிடத்தில் நின்றாலே, கோல் விழுந்ததா அல்லது மயிரிழையில் தவறியதா என்பதை ஆரவாரத்தைக் கொண்டு அறிந்துகொள்ளலாம். மொழி, குளிர், வாடகை, பிள்ளைகளின் பாடசாலை என்று பழகிக்கொள்ள எத்தனையோ விடயங்கள் இருந்தபோதிலும், இந்த ஊர் மனிதர்களை எனக்கு நெருக்கமாக்கியவை அந்த மைதானமும், அதன்மீது வாழ்நாள் முழுவதும் பற்று வைத்திருக்கும் ஒரு ரொக் இசைக் கலைஞரின் கதையும்தான்.

யாழ்ப்பாணத்தில் இருந்தபோது, 1997ஆம் ஆண்டு இளவரசி டயானாவின் இறுதிச் சடங்கில் பியானோ வாசித்துப் பாடியவர் என்ற அளவில்தான் எல்டன் ஜோனை நாங்கள் அறிந்திருந்தோம். வைத்தியசாலையில் என்னோடு வேலை செய்த, இங்கேயே பிறந்து வளர்ந்த முதியவர் ஒருவர் அவரைப் பற்றிப் பேசும்போது பாடல் எதையும் குறிப்பிட மாட்டார். "எங்கள் தலைவர்" என்றுதான் சொல்வார். இரவுப் பணியின் இடைவேளைகளில் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னவற்றின் வழியாகத்தான் இந்த ஊரின் வரலாறு எனக்குத் தெரியவந்தது.

ரெஜினால்ட் டுவைட் என்ற இயற்பெயரைக் கொண்ட எல்டன் ஜோன், இன்று ஹரோ நகரசபையின் எல்லைக்குள் அடங்கும் பின்னா என்னும் இடத்தில் 1947ஆம் ஆண்டு பிறந்தார். அவரைச் சிறுவயதில் விகரேஜ் றோட்டுக்கு அழைத்து வந்தவர் அவருடைய தந்தை. தந்தைக்கும் தமக்கும் இடையே இணக்கம் குறைவாகவே இருந்தது என்பதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஆயினும் இந்தக் கழகத்தின் மீதான பற்று அந்தத் தந்தையிடமிருந்து வந்ததே. குடும்பத்தில் உதைபந்தாட்டம் புதிதும் அன்று. அவருடைய உறவினரான ரோய் டுவைட் 1959ஆம் ஆண்டு, இங்கிலாந்துக் கழகங்கள் மோதும் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் அணிக்காகக் கோல் அடித்து, அதே ஆட்டத்தில் கால் முறிந்து வெளியேறினார். எதிரணி, வாட்ஃபோர்ட்டின் பரம வைரியான லூட்டன்! இந்தச் செய்தியைச் சொல்லும்போது என் முதிய நண்பரின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியை நான் எப்போதும் இரசிப்பேன்.

1975ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸின் டொட்ஜர் மைதானத்தை நிரப்பிப் பாடிய மனிதர், அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் நான்காம் பிரிவில் கிடந்த ஒரு சிறிய கழகத்தின் தலைவர் பொறுப்பை ஏற்றார் என்பதை நம்மவர்கள் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே, 1974ஆம் ஆண்டில், பணமுடையில் இருந்த கழகத்துக்காக அதே மைதானத்தில் இசை நிகழ்ச்சி நடத்தியிருந்தார். அவர் நினைத்திருந்தால் உலகின் எந்தப் பெரிய கழகத்தின் சிறப்பு இருக்கையிலும் அமர்ந்திருக்கலாம். அவர் தேர்ந்தது, சிறுவனாக நின்று பார்த்த அந்தப் பழைய மைதானத்தையே. 1977இல் லிங்கன் சிட்டியிலிருந்து கிரஹாம் டெய்லரைப் பயிற்றுநராக அழைத்து வந்தார். முதற் பருவத்திலேயே நான்காம் பிரிவின் வெற்றிக்கிண்ணம் கிடைத்தது. 1979இல் இரண்டாம் பிரிவு, 1982இல் முதலாம் பிரிவு என்று ஏறிய கழகம், அங்கே விளையாடிய முதற் பருவத்திலேயே லிவர்பூலுக்கு அடுத்த இரண்டாம் இடத்தில் நின்றது.

பணம் கொடுத்ததனால் மட்டும் இந்த ஊர் அவரைக் கொண்டாடவில்லை. 1976ஆம் ஆண்டு தமது பாலியல் ஈர்ப்பைப் பற்றி அவர் பத்திரிகை நேர்காணலில் மறைக்காமல் பேசிய பின்னர், வெளியூர் மைதானங்களில் எதிரணி இரசிகர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து அவரை இழிவுபடுத்திப் பாடினார்கள். அந்த வசைகளைக் கேட்டுக்கொண்டே அவர் தமது இருக்கையில் அமர்ந்திருந்தார்; அடுத்த ஆட்டத்துக்கும் வந்தார். தோற்றத்துக்காகவும் உச்சரிப்புக்காகவும் தெருவில் ஒரு சொல் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்ளும் எங்களைப் போன்றவர்களுக்கு, அந்த அடுத்த ஆட்டத்துக்கு வருதல் எத்தகைய துணிவு என்பது நன்றாகவே விளங்கும்.

டெய்லரோடு அவருக்கு இருந்த உறவும் அத்தகையதே. குடியும் போதையும் எல்டன் ஜோனை அழித்துக்கொண்டிருந்த காலத்தில், டெய்லர் ஒரு நாள் பிராந்தியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, இதுதானே வேண்டும், குடி என்று கடிந்துகொண்டாராம். சம்பளம் வாங்கும் ஒருவர் தமது தலைவரிடம் அப்படிப் பேசியதும், அவர் அதைப் பொறுத்துக்கொண்டு பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்ததும் எனக்கு அரிய செயல்களாகப் படுகின்றன. உலகம் முழுவதும் புகழ்ந்துகொண்டிருந்த ஒருவரிடம் உண்மையை எடுத்துச் சொல்ல இந்த ஊரில் ஓர் ஆள் இருந்தார்.

அந்த ஆண்டுகளில் கழகத்தின் மஞ்சள் சட்டை அணிந்து ஆடிய லூதர் பிளிஸெட்டும் ஜோன் பார்ன்ஸும் ஜமெய்க்காவில் பிறந்தவர்கள். வாட்ஃபோர்ட்டுக்காக 503 ஆட்டங்களில் 186 கோல்களை அடித்து, இரண்டிலும் கழகச் சாதனையை வைத்திருப்பவர் பிளிஸெட். இங்கிலாந்துத் தேசிய அணிக்காகக் கோல் அடித்த முதலாவது கறுப்பின வீரரும் அவரே. 1982 டிசம்பரில் லக்ஸம்பேர்க்குக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்களை அடித்தார். இன்று நம்மவர்கள் பலர் வசிக்கும் சட்பரிப் பகுதியின் ஒரு சிறிய அணியிலிருந்தே 1981இல் பார்ன்ஸ் இங்கு வந்தார். அரங்குகளில் அடிதடியும் நிறவெறியும் மலிந்திருந்த அந்தக் காலத்தில், பிள்ளைகளோடு வரும் பெற்றோருக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கிய முன்னோடிக் கழகங்களில் வாட்ஃபோர்ட்டும் ஒன்று. குடும்பத்தோடு மைதானத்துக்குப் போகலாமா என்று என் மனைவி தயங்கியபோது, முதியவர் சொன்ன இந்தச் செய்தியைத்தான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

1984ஆம் ஆண்டு வெம்பிளியில் நடந்த எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் வாட்ஃபோர்ட் எவர்ட்டனிடம் 2-0 என்று தோற்றது. ஆட்டத்துக்கு முன்னர் வழமையாகப் பாடப்படும் தேவாலயப் பாடலின்போது எல்டன் ஜோன் கண்ணீர் விட்டழுததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. பின்னர் கழகத்தை விற்றார். 1997இல் திரும்பி வந்து மீண்டும் பொறுப்பேற்றார். டெய்லரும் மறுபடி பயிற்றுநரானார். 1999இல் வெம்பிளியில் போல்ட்டனை 2-0 என்று வென்று கழகம் இங்கிலாந்தின் உச்சப் பிரிவான பிரீமியர் லீக்குக்குள் நுழைந்தது. தலைவர் பதவியை விட்டு 2002இல் விலகியபோதும் வாழ்நாள் கௌரவத் தலைவராக அவர் தொடர்கிறார். இறுதிச் சுற்றுப்பயணத்தின்போதும், 2022 யூலையில் விகரேஜ் றோட்டில் பாடாமல் அவர் விடைபெறவில்லை.

மைதானத்தின் கிழக்குப் பக்கத்தில் 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அரங்குக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். நேரெதிரே மேற்குப் பக்கத்தில் இருப்பது கிரஹாம் டெய்லரின் பெயரைத் தாங்கிய அரங்கு. 2020இல் கொரோனா பரவிய மாதங்களில் கழகம் தனது மைதானக் கட்டடத்தை எங்கள் வைத்தியசாலை ஊழியர்களுக்குத் திறந்துவிட்டது. முகக்கவசம் அழுத்திய தழும்பு மாறாத முகங்களோடு நாங்கள் அங்கே உட்கார்ந்து, ஆளில்லாத மஞ்சள் இருக்கைகளைப் பார்த்தபடி சாப்பிட்டோம். அதற்குப் பின்னர் இந்தக் கழகத்தை அயலாருடையது என்று எண்ண என்னால் முடியவில்லை.

யாழ்ப்பாணத்தின் குருநகரிலும் நாவாந்துறையிலும் உதைபந்தாட்டத்தைப் பார்த்து வளர்ந்த எவருக்கும், ஊர்க் கழகம் தோற்றால் அன்றைய இரவுச் சாப்பாடு இறங்காது என்பது தெரியும். இங்கே வளரும் நம் பிள்ளைகளோ பெரும்பாலும் மன்செஸ்டர் யுனைட்டெட், ஆர்சனல், லிவர்பூல் என்று தொலைக்காட்சியில் வெல்லும் அணியையே தெரிவுசெய்கிறார்கள். ஹரோவில் இருக்கும் மச்சானின் பொடியன்கள் என் மகனிடம், "உங்கட டீம் பிரீமியர் லீக்கிலயே இல்லையே, பிறகேன்ரா அதுக்குப் பின்னால போறாய்?" என்று கேட்டார்கள். 2022இல் கழகம் கீழிறங்கியது உண்மை. அவன் கோபப்படாமல், 1977இலிருந்து 1983வரை நடந்தவற்றை ஆண்டு வரிசையில் அவர்களுக்குச் சொல்லத் தொடங்கினான். பிளிஸெட்டின் கோல் கணக்கு வரும்வரை ஒருவரும் இடைமறிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர்களில் இளையவன் எங்களோடு ஆட்டம் பார்க்க வருகிறான். எல்டன் ஜோன் அரங்கில் அவனுக்கும் சேர்த்து நுழைவுச்சீட்டு எடுத்திருக்கிறேன்.