ஒரே பிள்ள தலையில கட்டிறாதீங்க

2019ல மலேசியாவுல பள்ளிக்கூடங்களுக்கு ஸீரோ ரிஜெக்ட்னு ஒரு கொள்கை கொண்டு வந்தப்புறம் ஓகேயு, அதாவது மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்கள முடியாதுன்னு திருப்பி அனுப்பக் கூடாது, சந்தோஷம்தான், ஆனா சேத்தப்புறம் ரெஹாட்டுல, இடைவேளை நேரத்துல, யார் கூட நிப்பான்? என் பையன் மூணாம் வகுப்பு, ஆட்டிசம். பெண்டிடிக்கான் காஸ்ல, அதான் சிறப்புக் கல்வி வகுப்புல, இருந்தவன இந்த வருஷம் மத்த பிள்ளைங்களோட உக்கார வச்சிருக்காங்க. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ஆளுங்க நாங்க, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அப்புறம் என்ன கவலைன்னு கேக்குறாங்க. தெரிஞ்சிருக்கிறது வேற, கூப்பிட்டு விளையாடுறது வேற லா.

மொதல்ல டீச்சர் நல்ல மனசோட ஒரு பொறுப்பான பொம்பளப் பிள்ளகிட்ட இவன பாத்துக்கோன்னு சொல்லிட்டாங்க, அதுவும் பால் பாக்கெட்டுக்கு ஸ்ட்ரா குத்திக் குடுக்குறது, புத்தகத்த எடுத்து வைக்கிறதுன்னு குட்டி அம்மா மாதிரி ஆயிருச்சு. இவன் வாயத் தொறக்கவே வேணாம். பாவம், அந்தப் பிள்ளைக்கும் விளையாட்டு போச்சு.

2012ல அமெரிக்காவுல கோனி கசாரி குழு 60 ஆட்டிசம் பிள்ளைங்கள வச்சி ஒரு ஆய்வு பண்ணாங்க. அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனியா சொல்லிக் குடுக்கிறத விட, கூட படிக்கிற பிள்ளைங்களுக்கு எப்படிப் பழகணும்னு சொல்லிக் குடுத்ததுலதான் பலன் கூட, திடல்ல தனியா நிக்கிறதும் கொறஞ்சிருக்கு. இத டீச்சர்கிட்ட சொன்னேன், கேட்டுக்கிட்டாங்க. இப்ப மூணு பேரு, மாத்தி மாத்தி. அவங்களுக்குச் சொன்னது ரொம்ப சிம்பிள்: கேள்வி கேட்டா பதில் வர்ற வரைக்கும் பொறுங்க, நீங்களே சொல்லிறாதீங்க, கண்ணப் பாத்துப் பேசுன்னு பிடிவாதம் பிடிக்காதீங்க.

விளையாட்டுக்கு சொங்காக், நம்ம பல்லாங்குழி மாதிரி. முறை யாருதுன்னு குழப்பமே இல்ல, அது இவனுக்கு ஒத்து வருது. ஆனா 98 கொட்டையும் இருக்கான்னு எண்ணிப் பாக்காம தொரை ஆரம்பிக்க மாட்டாரு. மொதல்ல மத்ததுங்க கடுப்பாச்சுங்க, இப்ப ஒண்ணு கொறஞ்சா நாலு பேரும் பெஞ்சுக்கடியில குனிஞ்சு தேடுறாங்களாம், தேடுற சாக்குல ஒரே பேச்சு. டேமியன் மில்டன்னு ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் ஒருத்தர் சொல்றது இதத்தான், புரியாமப் போறது ரெண்டு பக்கமும்தான், ஆட்டிசம் உள்ளவங்க மட்டும் மாறணும்னு இல்லன்னு.

தோத்தா இன்னும் கொட்டைய அள்ளிக்கிட்டு ஓடிருவான், அது வேற கதை.

நாலாவதா ஒரு பிள்ளையவும் சேக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். போன வாரம் மூணுல ரெண்டுக்கு காய்ச்சல், மூணாவது கல்யாணத்துக்கு ஈப்போ போயிருச்சு.