மெக்சிகோ ஆர்னிகா களிம்பு: மூன்று ஈடு, இரண்டு தப்பு

மெக்சிகோச் சந்தைகளில் 'பொமாதா' என்று சின்ன டப்பியில் விற்கும் களிம்புதான் இது. அடிபட்டுக் கன்றிய இடத்துக்கும், வறண்ட முழங்கை, குதிகாலுக்கும் பூசுவார்கள். பூ, ஹெட்டரோதீகா இனுலாய்டெஸ் என்கிற மெக்சிகோ ஆர்னிகா. ஐரோப்பாவின் ஆர்னிகா மொண்டானா வேறு செடி. பொட்டலத்தில் வெறும் 'ஆர்னிகா' என்று போட்டிருந்தால் முழுப்பெயர் கேட்காமல் வாங்க வேண்டாம்.

முதல் ஈடு: காய்ந்த பூ 25 கிராம், அவகாடோ எண்ணெய் 250 கிராம். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து, எண்ணெய் 60 டிகிரியைத் தாண்டாமல் 3 மணி நேரம். பூ குடித்தது போக 200 கிராம் அளவுக்குத் தேறியது. மெழுகு, சிவாவா பாலைவனத்துச் செடியிலிருந்து எடுக்கும் காண்டெலியா. தேன்மெழுகுக் கணக்கிலேயே 100 கிராம் எண்ணெய்க்கு 20 கிராம் போட்டதுதான் தப்பு. நகத்தால் சுரண்டினாலும் பெயரவில்லை. காண்டெலியா அதைவிட நல்ல கெட்டி, பாதி போதும்.

இன்னொரு தொல்லை, பூவின் அடியில் இருக்கும் பழுப்பு ரோமம். மல் துணியில் வடிகட்டினால் அது நழுவி எண்ணெயோடு வந்துவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பொடிமுள் மாதிரி மிதப்பது தெரியும். தோலில் பட்டால் அரிக்கும், களிம்பின் மேல்தான் பழி விழும். துணியில் பிழிந்தபின் காபி ஃபில்டர் தாளில் ஒருமுறை இறக்க வேண்டும். நேரம் பிடிக்கும், அவசரப்பட்டு அழுத்தினால் தாள் கிழியும்.

இரண்டாம் ஈட்டில் தெபெஸ்கோவிட்டே என்கிற மெக்சிகோ மரத்தின் பட்டைத்தூளும் சேர்ந்தது. 1984இல் மெக்சிகோ நகரை ஒட்டிய சான் ஹுவானிகோ எரிவாயு வெடிப்பில் வெந்தவர்களுக்குப் பூசியதால் பேர் வாங்கிய பட்டை. 10 கிராம் தூளை எண்ணெயில் 3 மணி நேரம் வைத்தும் நிறம் ஏறவில்லை; தூள் அடியில் வண்டலாகத் தங்கியது. காரணம், பட்டையின் சரக்கு பெரும்பாலும் துவர்ப்பு. அது தண்ணீரில் இறங்கும், எண்ணெயில் இறங்காது. சரியென்று கஷாயமாக்கி, உருகிய களிம்பில் 10 கிராம் ஊற்றியது அடுத்த தப்பு. ஆறியதும் பழுப்பு முத்து முத்தாகத் தண்ணீர் பிரிந்து நின்றது, எட்டாம் நாள் மூடிக்கடியில் பூஞ்சை. எண்ணெயையும் தண்ணீரையும் இணைக்கும் பால்மமாக்கி இல்லாமல் இரண்டும் கலக்காது.

ஆகவே மூன்றாம் ஈட்டில் இரண்டையும் பிரித்தாயிற்று. வடிகட்டிய பூ எண்ணெய் 92 கிராம், காண்டெலியா 8 கிராம். மெழுகு 70 டிகிரி வாக்கில்தான் உருகும். எண்ணெயையும் அதே சூட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஆறிய எண்ணெயை ஊற்றினால் வெள்ளைக் குருணை கட்டும். ஒரு சொட்டைக் குளிர்ந்த கரண்டியில் விட்டுப் பதம் பார்த்து, ஈரமில்லாத டப்பியில் ஊற்றலாம். விரல் பட்டதும் இளகியது, இதுதான் பதம்.

பட்டைக்குத் தனி வழி: 5 கிராம் தூள், 100 மில்லி தண்ணீர், சிறுதீயில் 15 நிமிடம், எவர்சில்வர் பாத்திரம். இரும்புக் கரண்டி பட்டால், கடுக்காய்ச் சாயம் போலக் கறுத்துவிடும். ஆறவைத்து, துணியில் நனைத்து ஒற்ற வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள், அதற்கு மேல் கொட்டிவிடலாம்.

பூ ஈரமாக இருந்தால் எந்த ஈடும் கெடும். கிள்ளினால் மொறுமொறுவென்று உடைய வேண்டும். சாமந்தி ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம், ஒரே குடும்பம். முழங்கை உட்புறம் பூசி ஒரு நாள் பார்க்கவும். தீக்காயத்திலோ திறந்த புண்ணிலோ களிம்பு, கஷாயம் இரண்டையுமே வைக்க வேண்டாம்.