சயாம் ரயில் பாதையில் மூன்று நாள்

எங்கள் வீட்டில் பெரிய தாத்தாவுக்குத் திதி கிடையாது. ஆடி அமாவாசை அன்று மற்றவர்களுக்குப் படைக்கும்போது அவருக்கும் ஓர் இலை போடுவார்கள். அவர் என் தாத்தாவின் அண்ணன். 1943-இல் மலாயாவின் சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் லாரியில் ஏறிப் போனவர். "மூணு மாச வேலை, நாளைக்கு ஒரு வெள்ளின்னுதான் சொன்னாங்க" என்று பாட்டி சொல்வார். வெள்ளி என்றால் மலாயா டாலர். போனவர் திரும்பவில்லை. ஒரு போட்டோகூட வீட்டில் இல்லை.

அவர் போன பாதையில் நாமும் ஒருமுறை போய்வர வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். போன டிசம்பரில்தான் முடிந்தது. போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பர்மாவைப் பிடித்த ஜப்பானியப் படைக்கு அரிசியும் குண்டும் ஆளும் போய்ச் சேர வேண்டும். மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குப் போகும் கப்பல்களை நேச நாட்டு நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. அதனால் தாய்லாந்தின் (அன்றைய சயாம்) நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டருக்குக் காட்டையும் மலையையும் வெட்டி ரயில் பாதை போட்டார்கள். மரணப் பாதை என்று சொல்வது இதைத்தான். 1942-இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்துவிட்டது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்ததில் 12,000-க்கும் அதிகமானோர் செத்தார்கள். மலாயாத் தமிழர், பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர் என்று கூலிகளாகக் கொண்டுபோன ஆசியர்களில் செத்தவர்கள் சுமார் 90,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை.

மலேசிய-தாய்லாந்து எல்லையில் உள்ள பாடாங் பெசாரில் மாலை ரயில் ஏறினேன். படுக்கை வசதி உள்ள வண்டி. வெள்ளைத் துணி விரித்து, தலையணை கொடுத்தார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. இதே தடத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து கைதிகளை இரும்புச் சரக்குப் பெட்டிக்கு முப்பது பேர் என்று அடைத்து நான்கைந்து நாள் கொண்டுவந்தார்கள். எங்கள் ஆட்கள் வந்ததும் இந்த வழிதான். அப்புறம் இன்னொன்று. மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். பதிக்க வேண்டிய இரும்பும் நம்மிடமிருந்துதான், பதிக்க வேண்டிய கையும் நம்முடையதுதான்.

நக்கோன் பாத்தோமில் இறங்கி ஒரு ராத்திரி தங்கினேன். பாங்காக்குக்குப் போய்த் திரும்புவதைவிட இது மேல். பாங்காக் தொன்புரி நிலையத்திலிருந்து காலை 7:50-க்குக் கிளம்பும் வண்டி இந்த வழியாகத்தான் போகிறது. மூன்றாம் வகுப்பு மட்டும். வெளிநாட்டவருக்கு 100 பாட். போவதற்கு முன் நேரத்தை ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். ஏறியதும் இடது பக்கம் ஜன்னலோரம் பிடித்துவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நோங் பிளாடுக் சின்ன சந்திப்பு நிலையம். வண்டி அங்கே நின்றது ஒரு நிமிடம்கூட இருக்காது. மரணப் பாதையின் பூஜ்ஜியம் கிலோமீட்டர் அது. பெட்டியில் நான் மட்டும்தான் எட்டிப் பார்த்தேன். மற்றவர்களுக்கு அது வழியில் வரும் இன்னொரு ஸ்டேஷன்.

காஞ்சனாபுரி நகரம் தாண்டியதும் அந்தப் பிரபலமான குவே ஆற்றுப் பாலம் வரும். வண்டி மெதுவாகப் போக, ஓரத்தில் ஒதுங்கி நின்றபடி சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த பழையவை. நடுவில் நேர்கோட்டுச் சட்டமாக உள்ள இரண்டு, 1945-இல் குண்டு விழுந்து உடைந்த இடத்தில் போருக்குப் பின் மாட்டியவை. பாலத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் நகர்கிறேன்.

என்னை உலுக்கியது தாம் கிராசே. அங்கே ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் கீழே குவே நொய் ஆறு. பாறையை ஒட்டியே மரத்தூண்கள் நிறுத்தி, அதன்மேல் சுமார் 400 மீட்டருக்குப் பாதை வளைந்து போகிறது. வண்டி ஆள் நடக்கும் வேகத்துக்கு இறங்கிவிடும். மரம் முனகுவது காதில் விழும். இடது பக்கம் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே நேராக ஆறுதான் தெரியும். அதனால்தான் இடது பக்கம் சொன்னேன். வலது பக்க ஜன்னலுக்குப் போய்க் கையை லேசாக நீட்டினேன். பாறை விரலுக்கு எட்டிவிடும் போலிருந்தது. உளியால் கொத்திய தழும்புகள் அதில் வரிவரியாக இருந்தன. எதிர் சீட்டிலிருந்த தாய்லாந்துப் பாட்டி, கையை உள்ளே இழுத்துக்கொள் என்று சைகை காட்டினார்.

நாம் தோக் என்ற நிலையத்தில் தண்டவாளம் முடிகிறது. அதற்கு மேலே பர்மா எல்லை வரை போருக்குப் பின் பெயர்த்துவிட்டார்கள். பாறையைக் குடைந்து பாதை வெட்டிய ஹெல்ஃபயர் பாஸ் அங்கிருந்து இன்னும் பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். 323-ஆம் நெடுஞ்சாலையில் நின்று, தோங் பா பூம் பக்கம் போகும் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்த வேண்டும். நான் செய்த தப்பு, ரயிலில் வந்த அன்றே அதையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தது. வெயிலில் முக்கால் மணி நேரம் நின்று பஸ் பிடித்து இறங்கினால், அங்குள்ள அருங்காட்சியகம் மூடும் நேரம் நெருங்கிவிட்டது. நான்கு மணிக்கு மூடிவிடுகிறார்கள். காஞ்சனாபுரிக்குத் திரும்பிவிட்டு மறுநாள் விடிகாலை அங்கிருந்து நேராகப் பஸ்ஸில் வந்தேன். நீங்கள் முதலிலேயே இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நல்ல ஷூ, இரண்டு பாட்டில் தண்ணீர் கட்டாயம்.

ஆஸ்திரேலிய அரசு 1998-இல் திறந்த அருங்காட்சியகம் அது. கட்டணம் இல்லை. பின்னாலிருந்து படிகளில் இறங்கினால் மூங்கில் காடு, அப்புறம் பழைய பாதை. கால் வைத்தவுடன் சரளைக் கல் நறநறவென்றது. எண்பது வருடத்துக்கு முன் கையால் உடைத்துக் கொட்டிய கல். கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்புகிறது. ராத்திரியும் பந்தங்கள் ஏற்றி வேலை வாங்கினார்கள். அந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமான ஆட்களைப் பார்த்துத்தான் ஹெல்ஃபயர், அதாவது நரகத்து நெருப்பு, என்று பெயர் வந்தது. ஒருவர் உளிக்கம்பியைப் பிடிக்க இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். துளை விழுந்ததும் வெடி வைப்பார்கள். சுவரில் ஓரிடத்தில் அப்படி அடித்த கம்பி ஒன்று உடைந்து உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. துரு ஏறிய அதன் நுனி என் கட்டைவிரல் அகலம் இருக்கும். கம்பி முறிந்தபோது அதைப் பிடித்திருந்தவருக்கு அடி விழுந்திருக்குமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

1943 மழைக்காலத்தில் இந்தப் பாதை நெடுகக் காலரா பரவியது. கைதிகள் முகாம்களில் அவர்களுடைய ராணுவ மருத்துவர்களாவது இருந்தார்கள். தமிழர் முகாம்களில் பல இடங்களில் யாருமே இல்லை. வாந்திபேதி வந்தவரைத் தூக்கிப்போகக்கூட ஆள் இல்லாமல் குடிசையோடு விட்டுவிட்டார்கள் என்று உயிரோடு திரும்பியவர்கள் தோட்டங்களில் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் காஞ்சனாபுரியில். போர்க் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 பேர். புல்லை ஒட்ட வெட்டி, ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் ஒரு பூச்செடி. பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் இருக்கிறது. 23, 26, 24. வாசித்துக்கொண்டே போனேன், மனசு கனத்துவிட்டது. ஆனால் அதில் ஒரு தமிழ்க் கூலியின் பெயரும் கிடையாது, ஏனென்றால் அது படை வீரர்களுக்கானது.

நம்மவர்களைத் தேடினால் இரண்டு இடங்களுக்குப் போக வேண்டும். ஒன்று, பாலத்துக்குப் பக்கத்தில் 1944-இல் ஜப்பானிய ராணுவமே எழுப்பிய நினைவுத் தூண். செத்தவர்களுக்காகப் பல மொழிகளில் கல் பதித்திருக்கிறார்கள், அதில் ஒன்று தமிழ். அந்த ஊரில் எதிர்பாராமல் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் கை தானாகக் கல்லைத் தடவியது. இரண்டாவது, கல்லறைத் தோட்டத்துக்கு அருகிலேயே உள்ள வாட் தாவோர்ன் என்ற கோயில். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த நினைவிடம் அங்கே இருக்கிறது. மலேசியத் தமிழர்களின் முயற்சியில் அண்மையில் ஒரு நடுகல்லும் வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கானோர் வரும் கல்லறைத் தோட்டத்திலிருந்து இங்கே நடந்து வருகிறவர்கள் குறைவு. நான் இருந்த ஒரு மணி நேரத்தில் வேறு யாரும் வரவில்லை. தயவுசெய்து போங்கள்.

வீட்டிலிருந்து வெற்றிலை, பாக்கு, ஒரு சுருட்டு கொண்டுபோயிருந்தேன். பெரிய தாத்தா சுருட்டு பிடிப்பார் என்பது மட்டும்தான் அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த தனி விஷயம். நடுகல் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். கல்லை மேலிருந்து கீழாக மெதுவாகக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"தேதி ஏதாச்சும் போட்டிருக்காப்பா?"

"இல்லப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சரி, அப்ப ஆடி அமாவாசையே இருக்கட்டும்" என்றார்.