வாலாஜா ரோடு: கடலோரம் கிளம்பிய ரயில் வந்து நின்ற இடம்

"வாலாஜா டேசன்ல எறங்கிட்டா வாலாஜா வந்துடுச்சின்னு நெனைக்காத." எங்கள் ஆயா அடிக்கடி சொல்லும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் இறங்கியபோதுதான் அது விளங்கியது.

காட்பாடியில் அரக்கோணம் பாசஞ்சர் ஏறினேன். திருவலம் தாண்டியதும் பொன்னை ஆற்றுப் பாலம். கீழே மணல், நாணல், ஓரமாக ஒரு கீற்றுத் தண்ணீர். 2021 டிசம்பரில் இந்தப் பாலம் பழுதாகி, சென்னைப் பக்கம் போகும் வண்டிகளை ரத்து செய்தார்கள். வேலூர்க்காரர்களில் பாதிப்பேர் இப்படி ஒரு பாலம் இருப்பதையே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். அடுத்து முகுந்தராயபுரம், அப்புறம் வாலாஜா ரோடு.

மஞ்சள் பலகையில் அந்த 'ரோடு' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊர் இங்கே இல்லை, ஊருக்குப் போகும் ரோடுதான் இங்கே இருக்கிறது என்று பொருள். ஆரணி ரோடு ஸ்டேஷனும் அப்படித்தான், இருப்பது களம்பூரில். சோளிங்கர் இன்னும் மோசம், 'ரோடு' என்றுகூடச் சொல்லாமல் பாணாவரத்தில் நிற்கிறது. நரசிம்மரைப் பார்க்கப் போன எங்கள் சித்தப்பா அங்கே இறங்கி, "மலை எங்கப்பா?" என்று தேடிய கதை வீட்டில் இன்றும் ஓடுகிறது.

ஆனால் இந்தச் சின்ன ஸ்டேஷனுக்கு ஒரு பெருமை உண்டு. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்தில் கிளம்பி இங்கேதான் வந்து சேர்ந்தது. அப்போது இதை ஆற்காடு ஸ்டேஷன் என்றார்கள். ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பம்பாயில் ரயில் ஓடி மூன்றே வருடம்தான் ஆகியிருந்தது. ராயபுரத்தின் தூண் வைத்த பழைய கட்டடத்தைப் பார்த்திருக்கிறேன். அங்கே நின்றால் காசிமேட்டு மீன் வாடையோடு கடல்காற்று வரும். இங்கே வெயிலும் தண்டவாள இரும்பு வாடையும்தான்.

நடைமேடையில் ஒரு பாட்டி அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை) விற்றுக்கொண்டிருந்தார். ஆழாக்கில் குவித்து அளந்து, மேலே ஒரு கைப்பிடி கொசுறு போட்டார். தோலை உரித்தால் உப்புத் தண்ணீர் விரலில் வழிகிறது. உற்சாகத்தில் அந்த முதல் ரயில் கதையை அவரிடமே சொன்னேன்.

"அப்படியா கண்ணு" என்றவர், "அரக்கோணம் பக்கத்துலேர்ந்து வண்டி வந்தா ஒரு கொரல் குடு, எனக்குப் பார்வை பத்தல" என்றார்.

குரல் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேர். என் மடியில் யாருடைய கறிவேப்பிலைக் கட்டோ. ஆட்டோ ஓடுகிறது, ஓடுகிறது, வாலாஜா வந்தபாடில்லை. தலையில் புளி மூட்டையோடு ஆயா நடந்த ரோடு இதுதான்.