சூடானால் நிற்கும் புல்லட்: புதுச் சாமானை நம்பி இரண்டு மாதம் அலைந்தேன்

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் புல்லட் செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம் ஏரிக்கரை வரை போய், வழியில் ஒரு தடவைகூட நிற்காமல் வீடு வந்து சேர்ந்தது. ஐம்பது கிலோமீட்டர்தான். அதற்கு எனக்கு இரண்டு மாதம் ஆனது. இதே வண்டியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் என்னைப்போல் அலையக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வண்டி 1978 மாடல், 350. திருவொற்றியூரில் செய்தது, இரும்பு சிலிண்டர், 6 வோல்ட். அப்பா போன பிறகு ஒன்றரை வருடம் தாழ்வாரத்திலேயே நின்றது. டாப்பட், செயின், கிளட்ச் கேபிள் வேலையெல்லாம் ஒரே நாளில் முடிந்தன. ஆயில் விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்லியாக வேண்டும். புல்லட்டுக்கு ஆயில் டேங்க் தனியாக இல்லை, இன்ஜின் கூட்டுக்குள்ளேயே பின்பக்கம் இருக்கிறது. மாதக்கணக்கில் நின்றால் அந்த ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் சொட்டுகூட இருக்காது. குறைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றிவிடாதீர்கள். ஸ்டார்ட் ஆனதும், இன்ஜின் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியாக எல்லாம் வெளியே வந்துவிடும். அடி நட்டுகளைக் கழற்றி மொத்தத்தையும் இறக்கிவிட்டு, புதிதாக ஊற்றுங்கள். இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும், 20 டபிள்யூ 50 கிரேடு ஆயில் போதும்.

இவ்வளவும் செய்த கையோடு, எதற்கும் இருக்கட்டும் என்று சி.பி. பாயிண்ட்டையும் கண்டன்சரையும் புதிதாக வாங்கி மாட்டினேன். பிளக்கில் பொறி வர, சரியான கணத்தில் கரண்ட்டை வெட்டிவிடும் சின்ன சுவிட்ச்தான் பாயிண்ட். கண்டன்சர் அதன் துணைச் சாமான். பழசு இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. ஆனாலும் மாற்றினேன். வினை அங்கேதான் தொடங்கியது.

முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது. அப்பா சொல்லிக்கொடுத்தபடி சாவியைப் போட்டு, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளி, கிக்கரை மேலே விட்டு ஒரே மிதி. அந்தச் சத்தம் கேட்டு அம்மா உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றுவிட்டார். ஆனால் பாலாற்றுப் பாலம் தாண்டி மாமண்டூர் போவதற்குள் டப், டப் என்று இரண்டு முறை விக்கி நின்றுபோனது. எவ்வளவு உதைத்தும் அசையவில்லை. அரைமணி நேரம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது.

பெட்ரோல் அடைப்பு என்று நினைத்தேன். வீட்டில் கார்பரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்தேன். உடனே ஸ்டார்ட் ஆனது. மறுநாள் அதே இடம், அதே விக்கல். மறுபடி கார்பரேட்டர். மறுபடி ஸ்டார்ட். இப்படி மூன்று முறை. ஒவ்வொரு முறையும் சரிசெய்துவிட்டதாகவே நம்பினேன். நான் கழற்றித் துடைத்து மாட்டிய அந்த நேரத்தில் இன்ஜின் ஆறியிருந்தது, அதனால்தான் ஓடியது. இது புரியவே மூன்று வாரம் ஆகிவிட்டது. சூட்டில் நிற்கும் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்து ஒரு பயனும் இல்லை. நின்ற இடத்திலேயே, நின்ற நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். முதலில் டேங்க் மூடியைத் திறந்து மூடுங்கள், காற்றுத் துளை அடைத்திருந்தால் அதில் தெரிந்துவிடும். அப்புறம் பிளக்கைக் கழற்றி, கேப்போடு ஹெட்டின் மேல் படும்படி வைத்து உதையுங்கள்.

நாலாவது தடவை நின்றபோது அதைத்தான் செய்தேன். சாலையோரப் புளியமர நிழலில் கையைக் குவித்து மறைத்துப் பார்த்தால், நீலமாகப் பளிச்சென்று வெட்ட வேண்டிய பொறி மங்கலாக, ஆரஞ்சு நிறத்தில் ஒரு நூல்போல வந்தது. அப்படியென்றால் பெட்ரோல் இல்லை, கரண்ட். பேட்டரி கரண்ட்டைப் பொறி வெட்டும் அளவுக்கு ஏற்றித் தரும் காயில் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். கண்டன்சர் ஞாபகத்துக்கே வரவில்லை. அது புதுசாயிற்றே.

அடுத்த சனிக்கிழமை லோக்கல் ரயிலேறி எழும்பூரில் இறங்கி, வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த புதுப்பேட்டை முழுக்க நடந்தேன். 6 வோல்ட் காயில் என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். "எல்லாத்துக்கும் ஒண்ணுதான் சார், மாட்டுங்க ஓடும்" என்றார் ஒரு கடைக்காரர். மாட்டினேன். ஸ்டார்ட் ஆகவே இல்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் காயிலின் பிரைமரி சுற்று, அதாவது பேட்டரி கரண்ட் பாயும் கம்பிச் சுற்று, மூன்றரை ஓம் காட்டியது. 6 வோல்ட் காயிலுக்கு அதில் பாதிகூட வராது. 12 வோல்ட் சாமானைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். மறுவாரம் திருப்பித் தரப் போனால், "மாட்டினதை எடுக்க மாட்டோம் சார்" என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். இரண்டு சனிக்கிழமையும் காயிலுக்குக் கொடுத்த காசும் போனதுதான் மிச்சம். காயில் வாங்கப் போகிறவர்கள் மீட்டரைக் கையோடு எடுத்துப்போய், காசு கொடுக்கும் முன் கல்லாவிலேயே வைத்து அளந்துவிடுங்கள்.

எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணன் நல்லவர். ஆனால் அவரும், "பாயிண்ட்டையே தூக்கிட்டு எலெக்ட்ரானிக் போட்டுடலாம் சார், தொல்லை விட்டுது" என்றார். தினமும் வேலைக்கு ஓட்டுபவருக்கு அது சரிதான். அப்பா மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பாயிண்ட் மூடியைத் திறந்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்து அளந்து வைப்பார். நான் டார்ச் பிடிப்பேன். எனக்கு அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

பழைய காயிலையே மாட்டிக்கொண்டு ஒரு ராத்திரி பாலம் வரை போய் வந்தேன். வாசலுக்கு வருவதற்குள் விக்க ஆரம்பித்துவிட்டது. இன்ஜினை நிறுத்தாமல் தெருவிளக்குக்கு அந்தப் பக்கம் இருட்டில் ஒதுக்கி, பாயிண்ட் மூடியைத் திறந்தேன். பாயிண்ட் இரண்டுக்கும் நடுவே நீல வெள்ளையில் பொறி சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. பிளக்கில் வர வேண்டிய பொறி இங்கே வந்துகொண்டிருக்கிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் அங்கே பாயப் பார்க்கும் கரண்ட்டைத் தான் வாங்கிக்கொள்வதுதான் கண்டன்சரின் வேலை. அது வாங்காவிட்டால் பாயிண்ட் கருகும், காயிலில் வேகம் இருக்காது, பிளக்கில் பொறி செத்துவிடும். மறுநாள் பார்த்தால், மாட்டி இருநூறு கிலோமீட்டர்கூட ஆகாத பாயிண்ட்டில் ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு.

கழற்றிய கண்டன்சரை மீட்டரில் வைத்தேன். 0.2 மைக்ரோ ஃபாரட், அச்சு அசலாக இருக்க வேண்டிய அளவு. ஒரு நிமிடம் தலை சுற்றியது. அப்புறம்தான் சூடு ஞாபகம் வந்தது. தோசைக்கல்லைச் சுடவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, மடித்த துணியின் மேல் அதைப் பத்து நிமிடம் வைத்தேன். பிறகு ஓமில் வைத்துப் பார்த்தேன். ஆறியிருந்தபோது எண் மளமளவென்று ஏறி அளவைத் தாண்டிப் போனது. இப்போது சில ஆயிரம் ஓமிலேயே நின்றுவிட்டது. சூடானால் உள்ளுக்குள் கரண்ட் ஒழுகுகிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அதான் அப்பா எதையும் தூக்கிப் போட மாட்டார்" என்று சொல்லிவிட்டு, நானே மறந்துபோயிருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பரணிலிருந்து எடுத்து வந்தார். கழற்றிய பழசையெல்லாம் அதில்தான் போட்டு வைத்திருந்தேன்.

பழைய கண்டன்சரைத் தோசைக்கல்லில் வைத்தேன். எண் ஏறிக்கொண்டே போனது. அதையும் பழைய பாயிண்ட்டையும் மாட்டி, இடைவெளியை 0.38 மில்லிமீட்டரில் வைத்தேன். 0.35 முதல் 0.40 வரை இருக்கலாம். இடைவெளி மாறினால் பொறி வரும் நேரமான டைமிங்கும் நகரும், அதையும் கூடவே பார்த்துவிடுங்கள். பாயிண்ட்டைத் திறக்கும் கேமுக்கு எண்ணெய் தடவும் ஃபெல்ட் துண்டில் ஒரு சொட்டு ஆயிலுக்கு மேல் விட வேண்டாம், பாயிண்ட்டில் தெறித்தால் மறுபடி கருகும்.

மதுராந்தகம் போய் வந்த அன்று சாயங்காலம் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பாயிண்ட் இரண்டும் குழியில்லாமல், வெளிர்ச் சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தன.